புறாத்தீவின் நீரடியில்

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவிற் கிடக்கின்றது புறாத்தீவு. மாடப்புறாக்கள் வாழ்தலின் இப்பெயர் பெற்றது. 2003 இல் தேசியப் பூங்காவாயிற்று. தீவினும் அதனைச் சூழ்ந்த முருகைக்கற் பாரே காண்போர் உள்ளத்தைக் கவர்வது.

படகேறுமுன் எம் மாணவர்க்கு ஒரு தெரிவு நேர்ந்தது. வாடகைக்குக் கிடைத்த சுவாசக் குழல்கள் இருவகையின. ஒன்று, வளைந்த வெறுங்குழல். மற்றது, உச்சியில் மிதவையடைப்புடைய 'உலர்' குழல். நீருள் அமிழ்ந்ததும் மிதவை எழுந்து துவாரத்தை மூடிவிடும். அலையடித்தாலும் நீர் புகாதென்று பலரும் இதனையே நாடினர். மேலே மிதந்தவாறு பார்ப்பதற்கு அது நன்றே. எனினும், உப்போ மணலோ தங்கி மிதவை சிக்கிக்கொள்ளின், குழலின் உச்சி நீருக்கு மேலிருக்கும்போதே மூச்சுத் தடைப்படும். அன்றித் துவாரம் திறந்தே கிடந்து நீரை உள்ளே விடும். அடைப்பையே நம்பியிருந்தவன் திகைத்துப் போவான். வெறுங்குழலிலோ நீர் புகுதல் உறுதி. ஆதலின் அதனை ஒரே ஊதலில் வெளியேற்றப் பழகியே தீரல் வேண்டும். இடுப்பளவு நீரில் அரைமணி நேரம் பழக்கிய பின், பிள்ளைகள் கையில் வெறுங்குழலையே கொடுத்தோம்.

"குழலை நீளமாக்கினால் ஆழத்திலும் சுவாசிக்கலாமே, சேர்?" என்றான் ஒருவன். நல்ல வினா. ஒரு மீற்றர் ஆழத்திலேயே நீரழுத்தத்தை எதிர்த்து நெஞ்சை விரித்தல் அரிது. மேலும், நெடுங்குழலில் விட்ட மூச்சே மீண்டும் உள்ளே வரும்.

ஆழமற்ற நீரிற் கருநுனிச் சுறாக்கள் உலாவின. அவை ஆளைக் கண்டு ஒதுங்குவன. முருகைக்கல்லின்மேற் கால் ஊன்றலாகாதென்பதைப் பிள்ளைகட்கு இருமுறை சொல்லிவைத்தோம்.