தரையில் மடங்கும் சக்கரங்கள்

மனிதப் பிழைகளைக் குறித்த ஆய்வுக்காகக் கடந்த சில மாதங்களாகச் சிறு விமானங்களின் விபத்து அறிக்கைகளை வாசித்து வருகிறேன். அவற்றுள் ஒருவகை விபத்து திரும்பத் திரும்ப வருகிறது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கி, ஓடுபாதையில் வேகம் தணிந்து சென்றுகொண்டிருக்கும். திடீரெனச் சக்கரங்கள் உள்ளே மடங்கும். அடிவயிறு தரையில் உரச, விமானம் சறுக்கி நிற்கும். உயிரிழப்பு அரிது. காரணம் பெரும்பாலும் ஒன்றே: இறக்கையின் ஃபிளாப்பை உயர்த்துவதாக எண்ணி, விமானி சக்கரத்திற்குரிய விசையை இயக்கிவிட்டார்.

கவனக்குறைவு என்று முடித்துவிடலாம். ஆனால் இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே அல்ஃபோன்ஸ் சபானிஸ் என்ற உளவியலாளர் வேறு விடையைக் கண்டார். பி-17 விமானத்தில் இவ்விரு விசைகளும் ஒரே தோற்றத்தில் அருகருகே இருந்தன. ஒன்றின் முனையில் சிறு சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினார். தொட்ட மாத்திரத்தில் கை வேறுபாட்டை உணர்ந்தது.

ஆயினும் 1980இல் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதே சிக்கலைப் பற்றித் தனி அறிக்கை வெளியிட நேர்ந்தது. பீச்கிராஃப்ட் நிறுவனத்தின் பொனான்சா, பேரன் விமானங்களில் அவ்விரு விசைகளும் பிற விமானங்களின் வழக்கத்திற்கு மாறாக இடம் மாறியிருந்தன. அறிக்கையின் தலைப்பே இவற்றை 'வடிவமைப்பால் விளைந்த' விபத்துகள் என்றது.

சக்கரக்காலில் எடை இருக்கும்வரை மின்சுற்றைத் துண்டித்துவைக்கும் பாதுகாப்பு விசையும் உண்டு. ஆனால் தரையிறங்கிய உடன் எடையில் ஒரு பகுதியை இறக்கைகளே தாங்கிக்கொண்டிருக்கும். அவ்வேளையில் அந்தக் காப்பை முழுமையாக நம்ப இயலாது.

இவற்றை வாசித்துக்கொண்டிருந்த நாள்களில், எங்கள் வளாகத்து ஆய்வகம் ஒன்றில் நிகழ்ந்த விபத்தை விசாரிக்கும் குழுவில் மாணவர் சார்பாக அமர்ந்தேன். முதலாமாண்டு ஆய்வு மாணவி ஒருவர் நைட்ரஜன் வால்வுக்குப் பதிலாக வெற்றிடப் பம்பின் வால்வைத் திறந்துவிட்டார். மூத்த மாணவர் ஒருவரின் பல மாத உழைப்பு வீணாயிற்று. இரு வால்வுகளும் ஒரே நிறம், ஒரே வடிவம். இடையே நான்கு விரற்கடை இடைவெளி. பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அனுபவம் மிக்க இருவர் இதே தவற்றை முன்பே செய்திருந்தனர். அதைக் குழுவின் முன் வைத்தேன்.

அடுத்த வாரமே ஒரு வால்வுக்குச் சிவப்புக் கைப்பிடி பொருத்தினர். ஆனால் அறிக்கையிலிருந்த 'மாணவியின் அலட்சியம்' என்ற தொடரை நீக்க மறுத்துவிட்டனர். கைப்பிடியை மாற்றியதே அத்தொடருக்கு மறுப்பல்லவா என்று கேட்டேன். நடைமுறை அப்படித்தான் என்றனர். உதவித்தொகைப் புதுப்பிப்புக்கு அவருடைய கோப்பு செல்லும்போது அத்தொடரும் உடன் செல்லும். நீக்கக் கோரி எழுத்துப்பூர்வமாக விண்ணப்பித்திருக்கிறோம்.

விசாரணைக் குழுக்களில் அமரும் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: 'யார் செய்தார்' என்று கேட்பதற்கு முன், 'இதற்கு முன் எத்தனை பேர் செய்தனர்' என்று கேளுங்கள். அதற்கான விடை பெரும்பாலும் உங்கள் பதிவேட்டிலேயே இருக்கும்.