டேலி ஆற்றங்கரையில் வேளா மீன்

ஆஸ்திரேலியக் கண்டத்தின் வடபகுதியில் டேலி என்றோர் ஆறு ஓடுகிறது. ஆண்டில் பாதி மழை, பாதி வறட்சி என்று இரண்டே பருவங்களை அறிந்த நிலம் அது. மே மாதம் முதல் அக்டோபர் வரை வானம் பெரும்பாலும் பொய்த்தே இருக்கும். அப்பகுதியின் பல ஆறுகள் அந்நாட்களில் மணற்படுகைகளாக மாறிவிடும். டேலி ஆறோ வற்றுவதில்லை. சுண்ணாம்புப் பாறைகளின் அடியில் மழைக்காலத்தில் சேர்ந்த நீர், ஊற்றுகளாகக் கசிந்து, கோடை முழுவதும் அதற்கு உயிரூட்டுகிறது. திமோர் கடலின் ஆன்சன் விரிகுடாவில் சென்று கலக்கும் வரை அதன் ஓட்டம் நிற்பதில்லை. உலகின் பல கடலோரங்களில் இன்று காண முடியாத ஓர் உயிரினம் இங்கே இன்னும் குஞ்சு வளர்க்கிறதென்றால், அதற்கு இந்த வற்றாத நீரும் ஒரு காரணமாகும். அந்த உயிரினந்தான் வேளா மீன்.

நம் கடற்கரைப் பங்குகளில் வாழும் முதியோர்க்கு இப்பெயரை விளக்க வேண்டியதில்லை. மூக்கு நீண்டு, இருபுறமும் பற்கள் வரிசையாகப் பதிந்த இரம்பம் போன்ற வாளைத் தாங்கிய பெருமீன் அது. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர், முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாமல், சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டனர் என்று பட்டினப்பாலை கூறுகிறது. அது வேளாவின் வாளாக இருந்திருக்கலாம் என எண்ண இடமுண்டு. ஆனால் இன்றைய இளைஞரைக் கேட்டால், பெயரை மட்டுமே கேட்டிருப்பதாகச் சொல்வர். நம் கரையில் ஏறத்தாழ நினைவாகிவிட்ட அம்மீனைப் பிற நாட்டார் எவ்வாறு காக்கின்றனர் என்று அறியும் ஆவலே நம்மை டேலி ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றது.

சுறாவா, திருக்கையா?

தோற்றத்தில் சுறாவைப் போன்றிருந்தாலும், வேளா திருக்கையின் உறவினமே. சுறாவுக்குச் செவுள் பிளவுகள் பக்கவாட்டில் இருக்கும். வேளாவுக்கோ திருக்கையைப் போல உடலின் அடிப்புறத்தில் இருக்கும். அதன் வாள் வெறும் போர்க்கருவியன்று. பிற உயிர்களின் உடலில் எழும் நுண்ணிய மின்னதிர்வை உணரும் புலன்கள் அதில் நிறைந்துள்ளன. கலங்கிய நீரில் கண் தெரியாவிட்டாலும், அவ்வாளே இரையை அறிந்து, வீசி அடித்துப் பிடித்துத் தருகிறது.

உலகில் வேளா இனங்கள் ஐந்து. அவற்றுள் நான்கு வட ஆஸ்திரேலியாவில் வாழ்கின்றன. டேலி ஆற்றில் வளர்வது பெரும்பல் வேளா. முழு வளர்ச்சியில் இது 6 மீட்டருக்கும் மேல் நீளும். தாய்மீன் முட்டையிடாமல் குட்டிகளையே ஈனுகிறது. பிறக்கும்போது குட்டியின் வாட்பற்கள் மெல்லிய உறையால் மூடப்பட்டிருக்கும். தாயின் வயிறு கிழிபடாதிருக்கப் படைத்தவர் செய்த ஏற்பாடு அது! கழிமுகத்தில் பிறந்த குட்டிகள் ஆற்றை எதிர்த்து நன்னீருக்குள் ஏறி, நான்கைந்து ஆண்டுகள் அங்கே வளர்ந்து, பின்னரே கடலுக்குத் திரும்புகின்றன. பெண்மீன்கள் தாம் பிறந்த பகுதிக்கே வந்து குட்டி ஈனுகின்றன என்பதற்கு மரபணு ஆய்வுகளும் சான்று தருகின்றன. ஆகவே ஓர் ஆற்றில் வேளா அற்றுப்போனால், வேறோர் ஆற்று மீன் வந்து அவ்விடத்தை நிரப்பும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

முன்னாளில் ஏறத்தாழ 90 நாடுகளின் கடலோரங்களில் வேளா இனங்கள் வாழ்ந்தன. இன்று அவற்றுள் ஏறக்குறைய பாதி நாடுகளில் ஓர் இனமாவது மறைந்துவிட்டது. இரையைத் தேடித் தரும் அந்த வாளே அதற்கு எமனாயிற்று. எவ்வகை வலையானாலும் பற்கள் சிக்கிக்கொள்கின்றன. திமிறத் திமிற வலை மேலும் சுற்றிக்கொள்கிறது. செவுள்வலையும் இழுவைப்படகும் பெருகிய காலத்தில், தாமதமாகப் பருவமெய்தும் இம்மீன் ஈடுகொடுக்க இயலாமற் போயிற்று. மத்திய அமெரிக்காவில் நிகரகுவா ஏரியில் 1970-களில் வணிகத்துக்காகப் பல்லாயிரம் வேளாக்கள் பிடிக்கப்பட்டன. சில ஆண்டுகளிலேயே அங்கு மீன்வளம் சரிந்தது.

நவ்யூ என்னும் சிற்றூர்

டார்வின் நகரிலிருந்து ஏறத்தாழ 220 கிலோமீட்டர் பயணம். அடிலெய்டு ரிவர் என்ற ஊர்ப்பக்கம் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து, யூக்கலிப்டஸ் மரக்காடுகளுக்கு இடையே செல்ல வேண்டும். வழியெங்கும் ஆளுயரத்தையும் விஞ்சிய கறையான் புற்றுகள் கோபுரங்களைப் போல் நிற்கின்றன. வறட்சிப் பருவத்தின் இறுதி நாட்கள் அவை. வெயில் நம் இராமநாதபுரத்துச் சித்திரை வெயிலை நினைவூட்டியது. ஆற்றை அண்டியதும் பசுமை திரும்புகிறது. தாழைப் புதர்களும் அல்லி பூத்த குளங்களும் கண்ணுக்குக் குளிர்ச்சி தருகின்றன. ஆனால் நீரில் கால் நனைக்க எவரும் துணிவதில்லை. உப்புநீர் முதலைகள் உலவும் ஆறு அது.

நவ்யூவின் வரலாறு நமக்கு வியப்பளித்தது. 1886-ஆம் ஆண்டு இயேசு சபைக் குருக்கள் இந்த ஆற்றங்கரையில் பணித்தளம் அமைத்தனர். வெள்ளமும் வேறு இன்னல்களும் வாட்டவே, 1899-இல் அப்பணி கைவிடப்பட்டது. 1955-இல் திரு இருதய மறைபரப்புச் சபையினர் மீண்டும் வந்தனர். ஆலயத்தின் பாதுகாவலர் யார் என்று வினவினோம். புனித பிரான்சிஸ் சவேரியார் என்றனர்! 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து மீனவர் குடிசைகளில் மறையுரைத்த அதே புனிதர், இங்கும் ஓர் ஆற்றங்கரை மக்களுக்குக் காவலராய் இருக்கிறார்.

இவ்வூர்ப் பெண்மணி மிரியம் ரோஸ் உங்குன்மர் பௌமன் ஆசிரியராகவும் ஓவியராகவும் பெயர் பெற்றவர்; ஆஸ்திரேலியாவின் 2021-ஆம் ஆண்டுக்குரிய மூத்த குடிமகள் விருதைப் பெற்றவர். அவர் தம் இனத்தவரின் மரபுக் கோலங்களைக் கொண்டு 1970-களில் வரைந்த சிலுவைப் பாதை ஓவியங்கள் புகழ் வாய்ந்தவை. ‘தாதிரி’ என்ற தம் மொழிச் சொல்லை உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. ஆழ்ந்து செவிமடுத்தலும் அமைதியாய் விழித்திருத்தலும் அச்சொல்லின் பொருள். ஆற்றை அவசரப்படுத்த முடியாது. அது பேசும்போது கேட்கக் காத்திருக்க வேண்டும் என்பது அம்மக்களின் வாழ்வு நெறி. வேளாவைக் காக்கும் பணியும் அந்தக் காத்திருத்தலிலிருந்தே பிறக்கிறது.

வற்றும் குட்டையில் சிக்கிய குட்டிகள்

மழைக்காலத்தில் டேலி கரைபுரண்டு, சுற்றியுள்ள சமவெளியை ஏரியாக்குகிறது. இரை தேடும் வேளாக் குட்டிகள் வெள்ளத்தோடு சமவெளிக்குப் பரவுகின்றன. நீர் வடியும்போது சில குட்டிகள் ஆற்றுக்குத் திரும்ப வழியின்றிக் குட்டைகளில் தங்கிவிடுகின்றன. மாதங்கள் செல்லச் செல்லக் குட்டை சுருங்குகிறது. நீர் கொதித்து, உயிர்வளி குறைகிறது. முதலைக்கு இரையாகாவிட்டால் சேற்றில் மூச்சடைத்து மடிவதே அவற்றின் கதி.

இந்நிலத்தின் மரபுரிமையாளர்கள் மலக் மலக் இன மக்கள். ‘ரேஞ்சர்’ எனப்படும் அவர்களின் நிலக்காவலர் குழுவும், சார்லஸ் டார்வின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கைன் முதலிய ஆய்வாளர்களும் 2012 முதல் கைகோத்து, இக்குட்டிகளை மீட்டு ஆற்றில் விட்டு வருகின்றனர்.

அப்பணி நடந்த முறையை நாம் கரையில் நின்று கண்டோம். முதலில் முதலை உண்டா என்று நெடுநேரம் நோட்டமிட்டனர். பின்னர் சிலர் இடுப்பளவு சேற்று நீரில் இறங்கி, குட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வலையை மெல்ல இழுத்தனர். கெளிற்று மீன்களுக்கும் கொடுவாய்க்கும் நடுவே, ஒரு முழத்தினும் நீண்ட வாள் ஒன்று சேற்றைக் கிழித்து மேலெழுந்தது. ஒருவர் வாளைப் பற்ற, மற்றவர் வாலைப் பற்ற, மூன்றாமவர் வலைக்கண்களைப் பற்களிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தார். நீர் நிரம்பிய தொட்டியில் இட்டு, நீளம் அளந்து, துடுப்பில் எண்ணிட்ட சிறு அடையாளம் பொருத்தி, மரபணு ஆய்வுக்காகத் துடுப்பின் நுனியில் ஒரு துணுக்கு எடுத்தனர். பிறகு வண்டியில் ஏற்றி ஆற்றுக்குக் கொண்டு சென்றனர். ஆற்றில் விட்டதும் அக்குட்டி ஒரு கணம் அசையாது கிடந்தது. அடுத்த கணம் காணப்படவில்லை.

இப்பணியில் யார் ஆசிரியர், யார் மாணவர் என்று பிரித்துச் சொல்ல இயலாது. எந்தக் குட்டை முதலில் வற்றும், எதில் வேளா தங்கும் என்பதை அறிந்தவர்கள் அந்நிலத்தில் பிறந்தவர்கள். குட்டியின் வயதென்ன, விடப்பட்டபின் பிழைத்ததா, தாய்மீன்கள் எத்தனை என்பதைக் கணக்கிட வல்லவர்கள் ஆய்வாளர்கள். ஒருவரின்றி மற்றவர் பாதி வழியே செல்ல முடியும்.

ஆயினும் மீட்புப் பணி ஒன்றே போதாது என்பதை அவர்களே அறிவர். உழவுக்காக நிலத்தடி நீரை எவ்வளவு எடுக்கலாம் என்ற வழக்கு அந்த ஆற்றுப் படுகையில் நெடுநாளாய் நடக்கிறது. கோடை ஓட்டம் குறைந்தால், குட்டையிலிருந்து மீட்ட குட்டிக்கு ஆறே குட்டையாகிவிடும். வயலுக்கும் நீர் வேண்டும், ஆற்றுக்கும் நீர் வேண்டும். காவிரியையும் தாமிரபரணியையும் அறிந்த நமக்கு இந்த வழக்கின் கடுமையை எவரும் எடுத்துரைக்க வேண்டுமா?

நம் கடற்கரைக்கு ஒரு செய்தி

இந்திய அரசு 2001-ஆம் ஆண்டிலேயே வேளாவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டது. அதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். உலக நாடுகளும் 2007-இலும் 2013-இலும் செய்த முடிவுகளால், ஐந்து இனங்களின் பன்னாட்டு வணிகமும் தடை செய்யப்பட்டுள்ளது. ஆனால் நடுக்கடலில், நள்ளிரவில், வலையில் சிக்கிய மீனின் முன்னே சட்டப் புத்தகம் நிற்பதில்லை. ஓர் ஏழை மீனவரே நிற்கிறார். வலையை அறுத்தால் அவருக்கு இழப்பு; வாளை வெட்டினால் வலை தப்பும், மீன் மடியும். வாளிழந்த வேளா இரை பிடிக்க இயலாமல் நலியும்.

அந்த இழப்பை மீனவர் ஒருவர் தலையிலேயே சுமத்திவிட்டு, கடலைக் காக்கவில்லையே என்று அவரைப் பழிப்பது நீதியாகாது. குஜராத் கரையில் திமிங்கிலச் சுறாவை விடுவிக்கும் மீனவர்க்கு, அறுந்த வலைக்காக அரசு ஈட்டுத்தொகை வழங்கியது. அதனால் நூற்றுக்கணக்கான சுறாக்கள் உயிர் பிழைத்தன. நம் பாக் நீரிணைப்பில் கடற்பசுவுக்கென 2022-இல் 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவிக்கப்பட்டது. வலையில் சிக்கிய கடற்பசுவை விடுவித்த மீனவர்கள் பாராட்டப்பட்டுள்ளனர். வேளாவுக்கும் இத்தகைய ஏற்பாடு வேண்டும் என்று நம் மீனவர் சங்கங்கள் கேட்பது முறையே.

அதுவரை நம் குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. வேளாவைக் கண்ட முதியோரை இளையோர் கேட்டறியட்டும்: எந்த மாதம், எந்தப் பாட்டில், எந்த ஆற்று முகத்தில் கண்டீர்கள் என்று. மலக் மலக் மக்களிடம் ஆய்வாளர்கள் தேடிச் சென்றது இத்தகைய அறிவையே. தப்பித் தவறி ஒரு வேளா வலையில் சிக்கினால், படகில் ஏற்றாமல், நீரிலேயே வைத்து, வாளை விட்டு எட்ட நின்று, கண்ணிகளை வாளின் நீளவாக்கில் அறுத்து விடுங்கள். அன்று வலையில் நான்கு கண்ணிகள் போகலாம். அவற்றை முடிந்துகொள்ள நம் வீடுகளில் கைகள் உண்டு. அழிந்த இனத்தை மீண்டும் முடிந்து தர எந்தக் கையாலும் ஆகாது.