பயிற்சியாளரும் குமாஸ்தாவும்

எங்கள் ரயில்வே அலுவலகத்தில் அடுத்த மேஜை வங்காள நண்பர் 2024 ஜனவரியில் எனக்குச் சந்தேஷ் ஊட்டினார். அவருடைய ஈஸ்ட் பெங்கால் கால்பந்துக் கழகம் 12 ஆண்டுகளுக்குப் பின் தேசியக் கோப்பையொன்றை வென்றிருந்தது. வெற்றிக்கு வழிகாட்டியவர் ஸ்பானியப் பயிற்சியாளர் கார்லெஸ் குவாட்ராட். செப்டம்பரில் ஐ.எஸ்.எல். முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி, அவர் விலகினார். "நல்லதாயிற்று!" என்றார் அதே நண்பர்.

என் மனம் ஒப்பவில்லை. நம் உத்தியோகத்தில் பிழை நேர்ந்தால் குமாஸ்தாவுக்கன்றோ மாறுதல்! நான் கல்கத்தா வந்ததும் அவ்வாறே. பந்தாட்டத்திலோ தலைமைக்கே தண்டனை. (சற்றுப் பொறாமையும் உண்டு.)

அக்டோபரில் ஆஸ்கார் புரூசோன் நியமனமானார். வங்கதேசத்தின் வசுந்தரா கிங்ஸ் அணிக்குத் தொடர்ந்து ஐந்து லீக் பட்டங்கள் பெற்றுத் தந்தவர். "என் பாட்டனார் மண்ணில் பழகியவர்!" என்று நண்பர் பூரித்தார். முதல் ஆட்டத்திலேயே மோகன் பகானிடம் 2-0 தோல்வி. திங்களன்று நண்பர் தேநீரும் அருந்தவில்லை.

"இவருக்கும் மூன்று ஆட்டந்தான் கெடுவா, ஐயா?" என்றேன். அவர் கோப்பினுள் தலை கவிழ்ந்துகொண்டார்.