விண்மீன்கள் பிறக்கும் வீடுகள்

சென்ற ஆண்டு ஒக்டோபர் மாத விடுமுறையில், எமது பள்ளியின் மேல்வகுப்பு மாணவர் சிலரையும் அவர்தம் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு கூனபரப்ரான் ஊரை அடுத்துள்ள வாரம்பங்கிள் தேசியப் பூங்காவுக்குச் சென்றிருந்தோம். 2016 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் முதலாவது இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் அது. சிட்னி மாநகரின் விளக்கொளியினூடே விரல்விட்டு எண்ணக்கூடிய விண்மீன்களையே கண்டு வளர்ந்த எமது பிள்ளைகள், அங்கே நள்ளிரவில் வானத்தை நோக்கிச் சிறிது நேரம் பேச்சற்று நின்றனர்.

தென்திசையில் இரு வெண்முகில்கள் கலையாது நின்றன. மகெல்லன் முகில்கள் எனப்படும் அவை உண்மையில் முகில்களல்ல. நமது பால்வீதிக்கு அயலிலுள்ள இரு சிறிய விண்மீன் மண்டலங்கள். வடக்கே தொடுவானுக்குச் சற்று மேலே, 25 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள அந்திரொமீடா மண்டலம் மங்கிய கறைபோலத் தெரிந்தது. (காலக்சி என்பதை விண்மீன் மண்டலம் என்பாரும் பேரடை என்பாரும் உளர். நாம் மண்டலம் என்றே எழுதிச் செல்வோம்.)

எம்முடன் வந்த பெற்றோர் ஒருவர் குறித்து வந்திருந்த கணக்கினை வாசித்தார். அந்திரொமீடாவிலுள்ள விண்மீன்களின் மொத்த நிறை சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 10,000 கோடி மடங்கு. பால்வீதி அதிற் பாதிக்குச் சற்று மேல். பெரிய மகெல்லன் முகிலோ 300 கோடி அளவினதே. ஆயின் புதிய விண்மீன்களின் பிறப்பைப் பார்த்தால் இவ்வரிசை குலைந்துவிடுகிறது. பால்வீதியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு சூரிய நிறையளவு வாயு விண்மீன்களாக மாறுகின்றது. அதனினும் பெரிய அந்திரொமீடாவில் ஒன்றுகூடத் தேறாது. பெரிய மகெல்லன் முகிலிலோ மூன்றில் ஒரு பங்களவு பிறக்கின்றது. அதன் சிற்றுருவுக்கு அது மிக அதிகம்.

“பெரிய வீட்டிலதானே நிறையப் பிள்ளைகள் பிறக்கவேணும், மாமா? ஏன் இங்க மாறி நடக்குது?” என்று பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள். நாம் ஆங்கிலத்திலே விடை கூறினோம். முழுவதையும் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, “தமிழ்ப் பள்ளிச் சுற்றுலா எண்டு கூட்டிக்கொண்டு வந்திட்டு, விடையை மட்டும் இங்கிலிசில சொல்லுறீங்களே?” என்றாள். இருளில் எமது முகங்கள் எவருக்கும் தெரியாதது நன்மையாயிற்று. மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது அக்கடனையே தீர்க்க எண்ணினோம்.

பிறப்பை எவ்வாறு எண்ணுகின்றனர் என்பதை முதலிற் பார்ப்போம். ஓர் ஊரில் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்றறியத் தொட்டில்களை எண்ணுவதுபோன்ற முறை அது. மிகப் பெரிய விண்மீன்கள் நீல நிறத்தில் எரிந்து, சில பத்து இலட்சம் ஆண்டுகளில் அழிந்துவிடுவன. ஆகவே அவை காணப்படும் இடத்தில் பிறப்பு அண்மையிலேதான் நிகழ்ந்திருக்க வேண்டும். அவற்றின் புறஊதாக் கதிர்கள் பட்டுச் சூழவுள்ள ஐதரசன் வாயு செந்நிறமாக ஒளிரும். அவ்வொளியின் அளவே பிறப்பின் அளவு. மொத்த நிறையை அறியவோ, நீண்டகாலம் வாழும் சிவந்த முதிய விண்மீன்களின் ஒளியை அளப்பர்.

மறுநாட் காலை, 1974 தொடக்கம் சைடிங் ஸ்பிரிங் மலைமீது இயங்கிவரும் 3.9 மீற்றர் தொலைநோக்கியின் வெண்கூடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். ஒரே வேளையில் 400 ஒளியிழைகளால் ஒளியை ஏந்தி, 1997 முதல் 2002 வரை 2,20,000 மண்டலங்களின் தொலைவை அளந்த கருவி அங்கேதான் இருந்தது. இத்தகைய பெருங்கணக்கெடுப்புகளின் பயனாகவே மண்டலங்களுக்கும் ஓர் ஒழுங்கு உண்டெனத் தெரியவந்தது. 2007 இல் வெளியான ஆய்வுகள் அதனைத் தெளிவாக்கின. விண்மீன்களை ஈன்றுகொண்டிருக்கும் மண்டலங்களில், நிறை பத்து மடங்காகும்போது பிறப்பு வீதம் பத்து மடங்காவதில்லை. ஐந்து முதல் எட்டு மடங்கே ஆகிறது. பெரும்பாலானவை இக்கோட்டிலிருந்து இரு மடங்குக்கு மேல் விலகுவதுமில்லை. 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்னரும் இத்தகைய கோடு இருந்தது. ஆனால் அக்காலத்தில் அதே நிறையுள்ள மண்டலம் இன்றையினும் இருபது மடங்குக்கு மேல் ஈன்றது. வாயு நிறைந்திருந்த காலம் அது.

மாணவர்கள் தாமே ஒரு வகுத்தற் கணக்குச் செய்து பார்க்கலாம். இன்றைய வேகத்தில், பெரிய மகெல்லன் முகில் தனது நிறையளவு விண்மீன்களை மீண்டும் ஈன ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள் போதும். பால்வீதிக்கு 2,500 கோடி ஆண்டுகளுக்கு மேல் வேண்டும். அண்டத்தின் வயதோ 1,380 கோடி ஆண்டுகளே!

சிறுமியின் ‘ஏன்’ என்ற வினாவுக்கு இனி வருவோம். ஏறத்தாழ 3,000 கோடி சூரிய நிறையைக் கடந்ததும் பிறப்பு ஓய்ந்த மண்டலங்களே மிகுகின்றன என்று, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட மண்டலங்களை ஆராய்ந்து 2003 இல் கண்டனர். வாயு இல்லாமற் போனதுதான் காரணம் என்று எண்ணத் தோன்றும். எப்போதும் அவ்வாறன்று. கன்னி ராசிக் கூட்டத்திலுள்ள எம் 87 என்னும் பெருமண்டலத்தைச் சூழ ஏராளமான வாயு உண்டு. ஆனால் அது கோடிக்கணக்கான பாகை வெப்பத்தில் உள்ளது. நீராவி குளிர்ந்தாலன்றித் துளியாகாததுபோல, வாயு குளிர்ந்தாலன்றி விண்மீனாகத் திரளாது. அம்மண்டலத்தின் நடுவே, 2019 இல் படமாக வெளியிடப்பட்ட கருந்துளை, சூரியனைப் போல் 650 கோடி மடங்கு நிறையுடையது. அதனருகிலிருந்து பீறிடும் தாரைகள் வாயுவைக் குளிரவிடாது சூடாக்குகின்றன. எமக்கு இவ்விளக்கம் மிகப் பொருத்தமாகப் படுகிறது. எனினும் அந்திரொமீடா போன்றவை மெல்லமெல்ல ஓய்வதற்கும் இதுவே காரணமா என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் உடன்பாடில்லை.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் அச்சிறுமிக்கே முதலில் வாசித்துக் காட்டினோம். “அப்ப எங்கட பால்வீதி எப்ப நிக்கும்?” என்பது அடுத்த வினா. விண்மீன் பிறப்புக்கு ஆயத்தமான குளிர்ந்த வாயு பால்வீதியில் ஏறத்தாழ 100 கோடி சூரிய நிறையளவே உண்டு. புதிதாக எதுவும் வந்து சேராவிடின் அது 100 கோடி ஆண்டுகளுக்குக்கூடப் போதாது. ஆனால் மகெல்லன் முகில்களிலிருந்து இழுபட்ட வாயு, நீண்ட ஓடைபோல வானிற் படர்ந்துள்ளதை 1974 இல் வானொலி அலைகளின் மூலம் கண்டறிந்தனர். அதனையும் படத்தில் காட்டினோம்.

“அப்ப அந்தச் சின்ன முகில்கள்தான் எங்களுக்குச் சாப்பாடு போடுதோ?” என்றாள். இம்முறை தமிழிலேயே விடை கூறினோம்: இன்னும் இலைக்கு வரவில்லை, வந்துகொண்டிருக்கிறது.