மணிக்கணக்கில் ஓர் ஆயுள்

மனிதனுடைய ஆயுளை ஆண்டுகளால் எண்ணுகிறோம். மாட்டின் வயதைப் பல்லைப் பிடித்துப் பார்த்துச் சொல்கிறோம். மோட்டார் வண்டிக்கு ஓடிய தூரமே வயது. டிராக்டருக்கு மட்டும் கடிகாரக் கணக்கு. நாளெல்லாம் வயலில் உழைத்தாலும் அது வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தைத் தாண்டியிருக்காதாகையால், எவ்வளவு தூரம் போயிற்று என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. எத்தனை மணி உழைத்தது என்றே கேட்க வேண்டும். என் சிற்றப்பாவின் சின்ன டீசல் டிராக்டரிலும் ஸ்டியரிங்குக்கு எதிரே சிறு எண்கள் புரளும் மணிமானி ஒன்று இருந்தது. அதற்குத் துணைச் சாட்சியாக அவர் சட்டைப் பையில் ஒரு 555 புத்தகமும் இருக்கும். மளிகைக் கடன் எழுதுவதற்கென்றே மலேசியா முழுவதும் பெயர் பெற்ற அந்தக் கையகலப் புத்தகத்தில், யந்திரத்துக்கு எந்த மணியில் எண்ணெய் மாற்றினார், எந்த மணியில் வடிகட்டி மாற்றினார் என்பதையே அவர் எழுதி வந்தார். அதுவும் ஒருவகைக் கடன் கணக்குத்தான் என்பது பின்னாளில்தான் எனக்கு விளங்கிற்று.

எங்கள் பாரிட் புந்தார், பேராக் மாநிலத்தின் வடகோடியில், ஆற்றைத் தாண்டினால் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால் என்னும்படி, கிரியான் ஆற்றங்கரையில் அமைந்த ஊர். பாரிட் என்ற மலாய்ச் சொல்லுக்கே வாய்க்கால் என்றுதான் பொருள். நம்மவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கென்று இவ்வட்டாரத்துக்கு வந்த காலமும் உண்டு, கரும்பு போய்க் கித்தா என்னும் ரப்பர் வந்த காலமும் உண்டு. ஆயினும், 1906-ல் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் நிறைவேறி, புக்கிட் மேரா நீர்த்தேக்கத்துத் தண்ணீர் வாய்க்கால்களில் பாயத் தொடங்கியது முதல், இந்தச் சமவெளியின் ஸ்வபாவம் நெல் என்றே நிலைத்துவிட்டது. எருமை உழுத சேற்றில், ஆண்டுக்கு இரண்டு போகம் என்றான பிறகு, எருமையின் நிதானத்துக்கு இடமில்லாமல் போய், கூண்டுச் சக்கரம் பூட்டிய டிராக்டர்கள் இறங்கின. சிற்றப்பா வாங்கியது அவற்றில் ஒன்று.

விடியற்காலையில் அவர் அதனிடம் போவது, மாட்டுத் தொழுவத்துக்குப் போகிறவரின் நடையாகவே இருக்கும். முதலில் தரையைப் பார்ப்பார். இரவில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்திருந்தால், அது எங்கிருந்து விழுந்தது என்று தெரியாமல் மேற்கொண்டு கை வைக்க மாட்டார். பிறகு அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி உருவி, எண்ணெயின் மட்டத்தைக் கண்ணால் பார்ப்பதோடு விரல் நுனியில் தேய்த்தும் பார்ப்பார். டீசல் வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்து அடியில் தண்ணீர் முத்தாகத் திரண்டிருந்தால், திருகைத் தளர்த்தி வடித்துவிடுவார். ரேடியேட்டர் வலையில் ஒட்டிய பதரைத் தட்டி உதிர்த்து, காற்றுக் குழாயின் இறுக்குப் பட்டையை ஒருமுறை ஆட்டிப் பார்த்து, கடைசியில் சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, முன்பலகையிலுள்ள சிறு கம்பிச் சுருள் செக்கச் சிவக்கும் வரையில் காத்திருப்பார். இஞ்சின் கிளம்பிய பிறகும் சில நிமிஷம் வயலில் இறங்க மாட்டார்.

“எந்திரிச்ச உடனே நீ ஓடுவியா தம்பி? அதுக்கும் ஒடம்பு சூடாகணும்ல?” என்பார்.

இந்தச் சிரத்தைக்குக் காரணம், டீசல் யந்திரத்தின் பிறவிக் குணத்திலேயே இருக்கிறது. பெட்ரோல் இஞ்சினில் பொறி தட்டி நெருப்பு மூட்ட வேண்டும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-ல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய யந்திரத்தின் வழிவந்த சிறு இஞ்சின்களிலோ, காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அழுத்தி, அவ்வழுத்தத்தாலேயே 500 பாகைக்கு மேல் சூடேற்றி, அதில் டீசலைப் பனிப்புகைபோல் தூவ, அது தானே பற்றிக்கொள்கிறது. அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காக அதன் அங்கங்கள் கனமாகச் செய்யப்படுகின்றன. வேகமும் நிமிஷத்துக்கு 2,600 சுற்று என்பதுபோல் ஓர் அளவோடு நிற்கிறது. இங்கிலாந்தின் டர்ஸ்லி என்ற ஊரில் 1930 வாக்கில் வெளிவந்து, உலகெங்கும் பண்ணைகளுக்கும் பட்டறைகளுக்கும் போய்ச் சேர்ந்த லிஸ்டர் இஞ்சின், நிமிஷத்துக்கு 650 சுற்றே சுற்றி, அந்த நிதானத்தாலேயே தலைமுறைகளைக் கண்டது. அதன் நகல்களைக் குஜராத்தின் ராஜ்கோட்டில் வார்த்தெடுத்தார்கள். அந்தக் கனத்தைச் சுருக்கிச் சிறு குடியானவனின் கைக்கு எட்டச் செய்தவர்களில் முக்கியமானவர், 1933-ல் ஐந்து குதிரைச் சக்தியுள்ள சிறு டீசல் இஞ்சினைப் படைத்த ஜப்பானியர் மகோகிச்சி யமாவோக்கா. நல்ல விளைச்சலுக்கு அறிகுறியாக அவர்கள் கருதும் பெருந்தும்பியின் பெயரையே தழுவி, அவர் தம் யந்திரத்துக்கு யான்மார் என்று பெயரிட்டார். கதிர் முற்றிய எங்கள் வயல்களின் மேல் தும்பிகள் பறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயர் நினைவுக்கு வரும்.

ஆனால் கனமாய்ப் பிறந்த சரீரத்துக்கும் சத்துருக்கள் உண்டு. அவர்கள் மிகவும் நுண்ணியவர்கள். டீசலைத் தள்ளும் பம்ப்பின் தண்டுக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி, தலைமயிரின் பருமனில் பல பத்தில் ஒரு பங்குதான். அங்கே டீசலே மசகாகவும் இருப்பதால், தண்ணீர் கலந்தால் துருவும் தேய்மானமும் தப்பாது. ஈரக்காற்று நிறைந்த இந்நாட்டில், பாதி காலியான தொட்டிக்குள் இராக்குளிரில் நீர் வியர்க்கும் என்பதனால், சிற்றப்பா மாலையிலேயே தொட்டியை நிரப்பிவிடுவார். எண்ணெய் கரியையும் அமிலத்தையும் தன்மேல் ஏற்றுக்கொண்டு தானே கெட்டுப்போகும் தியாகி. மணி தவறாமல் அதை மாற்றாவிட்டால் தியாகியே விரோதியாவான். எல்லாவற்றிலும் கொடியது தூசி. மணற்பொடி இரும்பைவிடக் கடினமானது. காற்றோடு அது உள்ளே புகுந்தால், சிலிண்டரையும் பிஸ்டன் வளையங்களையும் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதுபோல் தேய்த்துவிடும்.

இப்படிப் பேணினால் எத்தனை காலம் உழைக்கும்? அமெரிக்க வேளாண் பொறியியலாளர் சங்கத்தார், செலவுக் கணக்குப் போடுவதற்காக, இரு சக்கர உந்துள்ள டிராக்டருக்கு 12,000 மணியும், நான்கு சக்கர உந்துள்ளதற்கு 16,000 மணியும் தேய்மான ஆயுளாக வைத்திருக்கிறார்கள். சிறிய வண்டிகளுக்கு இதைக் குறைத்தே மதிக்க வேண்டும் என்றாலும், நன்றாகப் பேணப்பட்ட சிறு இஞ்சின் 5,000 மணியைத் தாண்டுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் வண்டி 7,000-ஐத் தாண்டியிருந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு அது 4,20,000 கிலோமீட்டர். பூமியைப் பத்து முறை சுற்றிய பிரயாணம். நிமிஷத்துக்கு 2,600 சுற்று என்ற கணக்கில் ஒவ்வொரு சிலிண்டரிலும் 54 கோடிக்கு மேற்பட்ட வெடிப்புகள் நிகழ்ந்திருக்கும். அவ்வளவையும் எங்கள் நான்கு ஏக்கருக்குள்ளும் அண்டை வயல்களிலுமே அது முடித்துக்கொண்டது.

சிற்றப்பா நோயில் விழுந்த போகத்தில் டிராக்டர் என் கைக்கு வந்தது. நானும் பொறுப்பற்றவன் அல்லன். எண்ணெய் பார்த்தேன், தண்ணீர் பார்த்தேன். காற்று வடிகட்டி அழுக்காகத் தோன்றவே, புதிதாகவும் ஒன்று வாங்கி மாட்டினேன். மாட்டியபோது குழாயின் இறுக்குப் பட்டையைச் சரியாக முடுக்கினேனா என்று மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. புத்தகத்தில் ஒரு வரியும் எழுதவில்லை; யந்திரம் ஓடுகிறது, எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்ற அபிப்பிராயம். வறண்ட வயல்களில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு அந்தப் போகம் முழுவதும் உழுதேன். முடியும் தறுவாயில் நீலப்புகை கக்கியது. காலையில் கிளம்ப மறுத்தது. எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது.

பட்டறைப் போமன் (மெக்கானிக்கை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) இஞ்சினைப் பிரித்துப் போட்டார். கண்ணாடிபோல் இருக்க வேண்டிய சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடுகள் விழுந்திருந்தன. அவர் என்னைத் திட்டவில்லை. தளர்ந்த பட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, “ஏழாயிரம் மணி உங்க சித்தப்பா பாத்தாரு. நீங்க ஒரு போகம் பாக்கல. அவ்வளவுதான் தம்பி,” என்றார்.

அவருடைய சாஸ்திரத்தில் மரணம் என்று ஒன்று இல்லாததால், சிலிண்டரை அரை மில்லிமீட்டர் அகலக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன்களும் வளையங்களும் போட்டு, அந்த இரும்புக்குப் புனர்ஜன்மம் கொடுத்தார். செலவு என்னுடையது. முதல் 50 மணி கழிந்ததும் எண்ணெயை மாற்றி, அதன் பிறகே பாரம் கொடுக்க வேண்டும் என்று, குழந்தைக்குச் சோறூட்டும் முறையைச் சொல்வதுபோல் சொல்லி அனுப்பினார்.

சிற்றப்பா இப்போது இல்லை. டிராக்டர் கொட்டகையில் நிற்கிறது; ரோட்டரிக் கலப்பை பூட்டி நாளைக்கு இறக்க வேண்டும். 555 புத்தகத்தைப் புரட்டினால், சாய்ந்த எழுத்தில் அவர் எழுதிய மணிகள் பக்கம் பக்கமாக வந்து, 7,062 என்ற எண்ணோடு நின்றுபோகின்றன. அடுத்த வரி என் எழுத்து. அதில் உள்ள எண் 7,318. இடையிலுள்ள 256 மணிக்கு ஒரு குறிப்பும் இல்லை. ஞாபகத்திலிருந்து எதையாவது எழுதி அந்த இடத்தை நிரப்பிவிடலாம் என்று ஒருமுறை நினைத்தேன். அவர் எழுத்துக்குக் கீழே பொய்யெழுத்து எழுத மனம் வரவில்லை. அதற்குப் பின் வரும் ஒவ்வொரு வரியிலும், எண்ணெய், தண்ணீர், டீசல் என்ற வரிசைக்கு முன்னால், ‘பட்டை பார்த்தேன்’ என்று எழுதி வருகிறேன்.