படிச்சேன், பகிர்ந்தேன், முழிச்சேன்

எனக்கு ஒரு வியாதி உண்டு. நெட்டில் மேயும்போது வித்தியாசமா ஏதாவது கண்ணில் பட்டால், உடனே நாலு பேருக்குச் சொல்லியாகணும். சொல்லலைன்னா அன்னைக்குச் சோறு இறங்காது. உங்களில் பாதிப் பேருக்கும் இதே வியாதி இருக்கும்கிற தைரியத்தில் ஒத்துக்கறேன் :-)

இது ஆரம்பிச்சது பிரவுசிங் சென்டர் காலத்தில். சங்கராபுரத்திலிருந்து பஸ் பிடிச்சு கள்ளக்குறிச்சி போய், ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி உட்கார்ந்தால், யாஹூ மெயில் திறக்கவே பத்து நிமிஷம் ஆகும். திறந்தால் உள்ளே வரிசையா ஃபார்வர்டு மெயில்கள். அதில் சுவாரசியமானதை எல்லாம் நோட்டில் எழுதிக்கிட்டு வந்து, சாயங்காலம் டீக்கடையில் அவிழ்த்து விடுவேன். "கம்ப்யூட்டர்ல போட்டிருக்கான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுபேச்சே கிடையாது.

அப்படி நான் அவிழ்த்து விட்டதில் சூப்பர் ஹிட் ரெண்டு.

ஒண்ணு, திருநள்ளாறு கோயிலுக்கு நேர் மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் மூணு செகண்ட் அப்படியே நின்னுடுதாம், நாசாவே மிரண்டு போச்சாம். ரெண்டு, தீபாவளி ராத்திரியில் விண்வெளியிலிருந்து எடுத்த இந்தியா படம். சிவப்பு, பச்சை, நீலம்னு நாடே ஜொலிக்கும்.

முதல் மேட்டரை என் அக்கா பையன் ஸ்கூல் பேச்சுப்போட்டியில் எடுத்து விட்டுட்டான். கைதட்டல் எல்லாம் முடிஞ்சப்புறம் அவங்க சயின்ஸ் வாத்தியார் கூப்பிட்டு, "யாருப்பா சொன்னது?" என்று கேட்டிருக்கார். "எங்க மாமா சார்." அன்னைக்கு ராத்திரி மாமாகிட்ட நேரா வந்துட்டான். "ஏன் மாமா, சாட்டிலைட் நின்னா கீழ விழுந்துடாதா?"

நான் முழிச்ச முழி இருக்கே...

அப்புறம்தான் தேடிப் பார்த்தேன். தாழ்வான சுற்றுப்பாதையில் போகிற செயற்கைக்கோள் செகண்டுக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஓடுது. அந்த ஓட்டம்தான் அதைக் கீழே விழாம வச்சிருக்கு. நின்னால் கதை முடிஞ்சது. நாசா அப்படி எதுவும் சொன்னதே இல்லை. அது சரி, காலம் காலமா ஜனங்க கும்பிடுற சனீஸ்வரனுக்கு நாசா சர்டிபிகேட் எதுக்கு?

தீபாவளி படமும் அதே கதைதான். அது ஒரு ராத்திரியில் எடுத்த படமே இல்லை. அமெரிக்காவின் நோவா அமைப்பைச் சேர்ந்த கிறிஸ் எல்விட்ஜ் என்கிற விஞ்ஞானி, 1992-லிருந்து 2003 வரைக்குமான தகவல்களை ஒண்ணா அடுக்கிச் செஞ்சது. எந்த வருஷம் எங்கே புதுசா விளக்கு எரிய ஆரம்பிச்சது என்று காட்டத்தான் அந்த நிறங்கள். 2012 தீபாவளி சமயத்தில் எடுத்த நிஜப் படத்தை நாசா வெளியிட்டுச்சு. அதில் இந்தியா மற்ற நாள் மாதிரியேதான் இருந்தது. நம்ம புஸ்வாணம் விண்வெளி வரைக்கும் எட்டலை.

இதுவரைக்கும் சிரிச்சுட்டுப் போற விஷயம். அடுத்தது அப்படி இல்லை.

2018 மே மாசம். அதுக்குள்ள பிரவுசிங் சென்டர் போய் எல்லார் கையிலும் போன் வந்தாச்சு. ஒரு ஆடியோ வந்தது. வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் நம்ம பக்கம் இறங்கியிருக்கு, உஷார் என்று ஒரு பதட்டமான குரல். பின்னாடியே ஒரு வீடியோ. தெருவில் விளையாடுற குழந்தையை பைக்கில் வந்த ரெண்டு பேர் தூக்கிட்டுப் போறாங்க. எனக்கு வயிறு கலங்கிடுச்சு. ரெண்டையும் குடும்ப குரூப்பில் தட்டி விட்டேன். "எதுக்கும் ஜாக்கிரதையா இருங்க" என்று கீழே ஒரு வரி வேற. நல்ல எண்ணம்தான்.

மே 9-ஆம் தேதி, பக்கத்து திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் பக்கம் அத்திமூர். சென்னையிலிருந்து குலதெய்வம் கோயிலுக்கு சொந்தக்காரங்களோட காரில் வந்த வயசான அம்மா ஒருத்தங்க, வழி கேட்க நிறுத்தின இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்காங்க. பிள்ளை பிடிக்கிறவங்கன்னு ஊரே கூடி அடிச்சதில் அந்த அம்மா செத்துப்போனாங்க. கூட வந்தவங்களுக்கும் பலத்த காயம்.

மறுநாள் பேப்பரில் படிச்சுட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். அவங்க சொன்னது இன்னும் காதில் இருக்கு. "இங்கேயும் நேத்து பெட்ஷீட் விக்க வந்த இந்திக்காரப் பையனை மரத்தடியில உட்கார வச்சுட்டாங்கடா. நீ அனுப்பினதைத்தான் எல்லாரும் போன்ல வச்சுப் பார்த்துட்டு இருந்தாங்க. நல்ல வேளை, மிலிட்டரியில இருந்த தாத்தா வந்து இந்தியில பேசி, தண்ணி குடுத்து அனுப்பி வச்சாரு."

அந்தப் பையனுக்கு இருபது வயசு கூட இருக்காதாம்.

வீடியோ விஷயம் பிறகு தெரிஞ்சது. அது பாகிஸ்தானில் கராச்சியில் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்கிற அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் பைக்காரங்க குழந்தையைத் திருப்பி இறக்கி விட்டு, உங்க பிள்ளைகளைக் கவனமா பார்த்துக்கோங்கன்னு அட்டையை விரிச்சுக் காட்டுவாங்க. யாரோ அந்தக் கடைசித் துண்டை வெட்டிட்டாங்க. வெட்டினவன் யாரோ. அனுப்பினதில் நானும் ஒருத்தன்.

நான் அனுப்பினது அத்திமூர் வரைக்கும் போயிருக்காது என்று மனசைத் தேத்திக்கலாம். ஆனா போகலைன்னு எனக்கு எப்படித் தெரியும்?

அந்த ஜூலையில் வாட்ஸப், வந்ததை அப்படியே தள்ளி விட்டால் 'ஃபார்வர்டு' என்று முத்திரை குத்த ஆரம்பிச்சது. இந்தியாவில் ஒரே நேரத்தில் அஞ்சு பேருக்கு மேல அனுப்ப முடியாதுன்னும் கட்டுப்பாடு வந்தது. நானும் எனக்கு ஒரு கட்டுப்பாடு போட்டுக்கிட்டேன். யார் முதலில் சொன்னது, எப்போ, எங்கே? இந்த மூணுக்கும் விடை கிடைக்காம எதையும் யாருக்கும் சொல்றதில்லை.

இப்படி இருந்தால் சுவாரசியமே போயிடுமேன்னு பயந்தேன். போகலைங்க. நிஜமே போதுமான அளவு அதிசயமா இருக்கு.

நியூசிலாந்தில் 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்கிற மிஷனரி, மாவோரி பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேக வைக்கிறதைப் பார்த்தார். அது பாத்திரமே இல்லை, உடைஞ்ச கப்பல் மணி. மேலே தமிழ் எழுத்து! முகையதீன் பக்ஸ் என்பவரோட கப்பல் மணி என்று பொறிச்சிருக்கு. இப்போ வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கு. இந்த நிஜத்துக்கும் ஒரு வால் ஒட்டி, நியூசிலாந்தைக் கண்டுபிடிச்சதே தமிழன்தான்னு வந்தது. மணி போயிருக்கு, அது உறுதி. அதைக் கொண்டு போனது யாருன்னு இன்னும் முடிவாகலை. அந்த இடத்தில் நிறுத்திக்கிட்டாலும் எனக்குப் புல்லரிக்கத்தான் செய்யுது.

கடைசியா நம்ம ஊர் மேட்டர் ஒண்ணு. சங்கராபுரத்தில் இருந்துக்கிட்டு கல்வராயன் மலையைப் பார்க்காத நாளே கிடையாது. போன தடவை நெட்டில் மேயும்போது ஒரு வரி கண்ணில் பட்டது: அந்த மலையில் ஜாகீர் முறை முடிஞ்சது 1976-இல்தான். நாடு சுதந்திரம் வாங்கி 29 வருஷம் கழிச்சு! பழைய ஆளா இருந்தால் அந்த நிமிஷமே ஊருக்கே அனுப்பியிருப்பேன்.

அனுப்பலை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடுக்காயும் தேனும் விக்கிற வெள்ளிமலைப் பெரியவர்கிட்ட போய், "நிஜமாங்கய்யா?" என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "எங்கப்பா கூலியில்லாம அவங்க நிலத்துல ஏர் ஓட்டினதை நான் பார்த்திருக்கேன். வரியும் கட்டணும், வேலையும் செய்யணும். இதைக் கம்ப்யூட்டர்ல வேற போட்டிருக்கானா?" என்றார்.

இருபது வருஷமா அவர்கிட்ட கடுக்காய் வாங்கறேன். ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உங்ககிட்டயும் இப்படி முழிச்ச கதை இருந்தால் எடுத்து விடுங்க. ஆசையா கேட்டுக்கறேன். ஆனா "யார் சொன்னது?" என்று கேட்பேன். கோவிச்சுக்கக் கூடாது :-)