அப்பாவின் கோல்

உங்கள் வீட்டில் எத்தனை தோசைத் திருப்பிகள் இருக்கின்றன? மூன்றாவது இருக்கும். ஆனால் அடுப்பில் கல்லைப் போட்டதும் உங்கள் கை எதைத் தேடுகிறது? விளிம்பு தேய்ந்து, பிடி லேசாக ஆடுகிற அந்தப் பழைய ஒன்றைத்தானே! அதை யாராவது பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

நான் அப்படி ஒரு காரியம் செய்தேன்.

என் ஊர் பேரிகை. ஓசூர்ப் பக்கம், எட்டிப் பார்த்தால் கர்நாடகம். ராகியும் தக்காளியும் கோஸும் விளைகிற பூமி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும். பாட்டியை நாங்கள் ‘அவ்வா’ என்றுதான் கூப்பிடுவோம். அப்பா பெங்களூரில் ஒரு கோல்ப் கிளப்பில் இருபத்தெட்டு வருஷம் காடியாக இருந்தார். ஆடுகிறவரின் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பவர்தான் காடி. பையில் 14 கோல்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. சுமப்பதோடு வேலை முடிந்துவிடாது. “இந்த இடத்துக்கு இந்தக் கோல், ஐயா” என்று எடுத்துக் கொடுக்கவும் தெரிய வேண்டும்.

அந்தக் கோல்களில் குட்டையான, தலை கனத்த ஜாதி ஒன்று உண்டு. ‘வெட்ஜ்’ என்று பெயர். பந்து மணல் குழியிலோ புல்லிலோ மாட்டிக்கொண்டால், அதை மெள்ளக் கிளப்பி ஆகாயத்தில் தூக்கிக் கொடியின் அருகே போடுவது இதன் உத்தியோகம். முகம் நன்றாக மல்லாந்திருக்கும். பிட்சிங் வெட்ஜ் என்றால் சுமார் 46 டிகிரி. மணல் வெட்ஜ் 56 டிகிரி வாக்கில். இன்னும் மல்லாந்தது 60.

ஆனால் அசல் சூட்சுமம் முகத்தில் இல்லை, அடிப்பாகத்தில் இருக்கிறது என்பார் அப்பா. அடிப்பாகம் முன் விளிம்பைவிடச் சற்றுக் கீழே தொங்கினால், மணலில் புதையாமல் வழுக்கிக்கொண்டு போகும். அதே கோலைக் கட்டாந்தரையில் வீசினால் துள்ளி எழுந்து பந்தின் வயிற்றில் அடிக்கும்; பந்து எங்கேயோ ஓடிப் போகும். முன் விளிம்பு நேராக இருப்பது சிலருக்குப் பிடிக்கும், வளைந்திருப்பது சிலருக்கு. ஒருவருக்கு அமிர்தமாக இருப்பது இன்னொருவர் கையில் விஷம்.

மணல் வெட்ஜைப் பிரபலமாக்கியவர் ஜீன் சராசென் என்ற அமெரிக்க ஆட்டக்காரர். விமானத்தின் வால் இறங்கி ஏறுவதைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை உதித்ததாம். ஒரு கோலின் அடியில் ஈயப் பற்றை உருக்கி ஒட்டி, ராவி ராவிப் பார்த்தார். 1932-ல் பிரிட்டிஷ் ஓபன் பந்தயத்துக்கு அதைக் கொண்டு போனவர், அதிகாரிகள் கண்ணில் பட்டால் தடுத்துவிடுவார்களோ என்று பைக்குள் தலைகீழாகச் செருகி வைத்திருந்தாராம்! ஜெயித்தும் விட்டார். வீட்டில் மாமியாருக்குத் தெரியாமல் புது மிக்ஸியை ஒளித்து வைக்கிற மருமகள் ஞாபகம் வருகிறது எனக்கு.

அப்பாவிடமும் ஒரு வெட்ஜ் இருந்தது. யாரோ கழித்துப் போட்டது. திங்கட்கிழமைகளில் காடிகள் ஆடலாம் என்று அவர் கிளப்பில் அனுமதி உண்டு. அதற்காக அதன் குதிகால் பக்கத்தைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துத் தமக்கென்று ஒரு வடிவம் செய்துகொண்டார். முழங்கால் போய் ஊருக்குத் திரும்பியபோது கொண்டு வந்தது அது ஒன்றுதான். கூடத்து மூலையில் சாத்தி வைத்திருந்தார்.

இங்கே நான் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஹாஸ்டலில் படித்தபோது, “அப்பா என்ன செய்கிறார்?” என்று கேட்டால், “கிளப்பில் வேலை” என்று மட்டும் சொல்லுவேன். கேட்பவர்கள் மானேஜர் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான். 2009-ல், பெங்களூரில் காடியாக இருந்து முன்னுக்கு வந்த முனியப்பா இந்திய ஓபன் பட்டத்தை ஜெயித்தார். அன்று ராத்திரி அப்பா போன் செய்தார். “நம்ம பையன் ஜெயிச்சுட்டான்மா!” என்று குழந்தை மாதிரி கத்தினார். பக்கத்தில் சிநேகிதிகள் இருந்தார்கள். “அப்புறம் பேசறேன்ப்பா” என்று வைத்துவிட்டேன். அப்புறம் பேசவில்லை.

போன போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தோம். வாசலில் பழைய சாமான்கள் குவிந்தன. அந்தக் கோலையும் நான்தான் எடுத்துப் போட்டேன். துருப்பிடித்த கம்பி என்று நினைத்தேன் என்று சொன்னால் அது பொய். வருகிறவர்கள் ‘இது என்ன?’ என்று கேட்பார்கள், கதை சொல்ல வேண்டியிருக்கும், அவ்வளவுதான் காரணம்.

சாயங்காலம் அப்பா மூலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை! மறுநாள் பழைய இரும்புக் கடைகளைத் தேடி ஓசூர் முழுவதும் அலைந்தேன். சரக்கு லாரி ஏறிப் போய்விட்டது என்றார்கள்.

சம்பளம் வந்ததும் பெங்களூரில் புத்தம் புது வெட்ஜ் ஒன்று வாங்கினேன். விலையை அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அப்பா அதை வாங்கித் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ராகி அறுத்த கொல்லையில் ஒரு பந்தை வைத்து வீசினார். தரையில் பட்டுத் துள்ளி, பந்தின் நடுவில் அடித்தது. பந்து வரப்பைத் தாண்டிக் கோஸ் தோட்டத்துக்குள் பாய்ந்தது.

“நல்ல சாமான்தாம்மா. ஆனா இது மணலுக்குச் செஞ்சது. நம்ம மண்ணுக்கு அடி கொஞ்சம் மெலியணும்” என்றார்.

திண்ணையிலிருந்து அவ்வா, “கொல்லன்கிட்ட கொண்டு போடா” என்றாள். அவளுடைய களைக்கொத்துக்கு விளிம்பு எவ்வளவு வளைய வேண்டும், கழுத்து எவ்வளவு சாய வேண்டும் என்று நாற்பது வருஷமாகப் பட்டறைக்காரரோடு சண்டை போடுகிறவள் அவள். வேறு யாருடைய கொத்தையும் தொடமாட்டாள்.

மூவருமாகப் போனோம். அப்பா சாக்பீஸால் குதிகாலில் ஒரு கோடு போட்டார். பட்டறைக்காரர், “புதுசை ஏன் சாமி தேய்க்கறீங்க?” என்று என்னைத்தான் கேட்டார்.

“எங்கப்பா காடி. அவருக்குத் தெரியும்” என்றேன்.

சாணைக்கல்லில் பொறி பறந்தது. நடுநடுவே அப்பா வாங்கி விரலால் தடவிப் பார்ப்பார். “இன்னும் கொஞ்சம்” என்பார். சூடு ஆற வாளித் தண்ணீரில் நனைத்தார்கள்.

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் அதிதி அசோக் ஒரே ஓர் அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நாலாவதாக வந்தாளே, அந்தப் பெண்ணுக்குப் பை சுமந்தது யார் தெரியுமா என்று திரும்பும் வழியில் அப்பா கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

“பெத்த தாய்மா!” என்றார்.

இப்போது சாயங்கால வேளைகளில் கொல்லையில் ஒரு தக்காளிக் கூடையை வைத்துக்கொண்டு பந்தைத் தூக்கிப் போடுகிறார். பத்தில் ஆறு உள்ளே விழுகிறது. மீதி நாலைப் பொறுக்கிக் கொண்டு வருவது என் வேலை.